மும்பையில் ஒரு பகல்: வடா பாவ் எங்கே சாப்பிடலாம்?

காவிரிக்கரையான்
வணக்கம் நண்பர்களே. அப்பாவை அழைத்துக்கொண்டு ஷிர்டி போகிறேன். திரும்பும்போது அதிகாலையில் தாதரில் இறங்கி, இரவு சி.எஸ்.எம்.டி. எனப்படும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சென்னை மெயிலைப் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு பகல் முழுவதும் இருக்கிறது.

கேட்வே, மெரைன் டிரைவ் எல்லாம் பார்க்கத்தான் போகிறோம். ஆனால் எனக்கு முக்கியம் வடா பாவ், அதாவது பாவ் என்ற ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வடையை வைத்துத் தருவது. அது பிறந்த ஊரின் தெருவில் வைத்தே சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எங்கள் ஊரில் ஒரு புதுக்கடையில் வாங்கிப் பார்த்தேன். இனிப்பு பன்னுக்குள் ஆறிப்போன போண்டா, மேலே தக்காளி சாஸ். இதற்காகவா ஒரு நகரமே உயிரை விடுகிறது என்று ஏமாற்றமாக இருந்தது. மும்பையில் இருப்பவர்கள், இருந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. காரம் கொஞ்சம்தான் தாங்குவார், நெடுநேரம் நிற்க முடியாது.

செம்பூர்வாசி
தாதரில் இறங்குவது நல்லதாகப் போயிற்று. இந்தப் பண்டம் பிறந்த இடமே அதுதான். 1966இல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே வண்டி போட்டிருந்த அசோக் வைத்யா, வடையைப் பாவுக்குள் வைத்து விற்கத் தொடங்கினார் என்பதுதான் ஊரே சொல்லும் வரலாறு.

தாதர் மேற்கில் கீர்த்தி கல்லூரி அருகே உள்ள அசோக் வடா பாவ் கடைக்குப் போங்கள். அங்கே வடையோடு 'சூரா' கேட்டு வாங்க வேண்டும். வடை பொரியும்போது எண்ணெயில் உதிரும் கடலை மாவுத் துணுக்குகளைத்தான் சூரா என்கிறார்கள். அதை அள்ளிப் பாவுக்குள் போட்டுத் தருவார்கள். மொறுமொறுப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பிற்பகலில் சி.எஸ்.எம்.டி. பக்கம் போய்விட்டால், நிலையத்துக்கு எதிரிலேயே ஆராம் வடா பாவ் இருக்கிறது. வில்லே பார்லேயில் மிதிபாய் கல்லூரிக்கு எதிரே ஆனந்த் கடை, தானேயில் கஜானன் கடை என்று பட்டியல் நீளும். கஜானனில் கடலை மாவில் செய்த மஞ்சள் சட்னி தருவார்கள்; அது தனிச்சுவை. ஆனால் ஒரு பகலில், அப்பாவையும் வைத்துக்கொண்டு, தானே வரை அலைய வேண்டாம். தாதரும் சி.எஸ்.எம்.டி. இருக்கும் கோட்டைப் பகுதியும் போதும்.

கடையைத் தேர்ந்தெடுக்க ஒரே வழி, வாணலியைப் பாருங்கள். தட்டில் வடை மலையாகக் குவிந்திருந்தால் நகர்ந்துவிடுங்கள். எண்ணெயிலிருந்து எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் கடையில் நில்லுங்கள்.

கொங்குச்சுவை
மாற்றுக்கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். வேலை நிமித்தம் மும்பைக்கு அடிக்கடி போய்வருகிறேன். வடா பாவ் எனக்கு இன்று வரை பிடிபடவில்லை. உருளைக்கிழங்குக்கு மேல் கடலை மாவு, அதற்கு மேல் மைதா. மாவுக்குள் மாவு. நம் ஊர் உருளைக்கிழங்கு போண்டாவில் வெங்காயம் இருக்கிறது, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி இருக்கிறது. அதைத் தனியாகச் சாப்பிட்டாலே நிறைவு. ரொட்டிக்குள் திணிப்பதால் என்ன கூடிவிடுகிறது? அவசரத்தில் பசியாற்றக் கண்டுபிடித்த உணவு என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். சுவையில் சிறந்தது என்று சொல்லாதீர்கள்.

ரொட்டிக்கடை_நாகர்கோவில்
மும்பை பேக்கரிகளில் பல வருடம் மாவு பிசைந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கொங்கு அண்ணா, உங்கள் கேள்விக்கு விடை வடையில் இல்லை, பாவில் இருக்கிறது.

அங்கே கிடைப்பது 'லாதி பாவ்'. உருண்டைகளை ஒரே தட்டில் நெருக்கமாக அடுக்கிச் சுடுவார்கள். பொங்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பலகையாக எழும்பும். அதனால் மேலும் கீழும் மட்டும்தான் தோல் பிடிக்கும். பக்கங்கள் நான்கும் பிய்த்தால் பஞ்சாகத்தான் இருக்கும். மாவில் மைதா, ஈஸ்ட், உப்பு, தண்ணீர், பெயருக்குச் சர்க்கரை. முட்டை இல்லை, பால் இல்லை, இனிப்பு இல்லை. சட்னியின் ஈரத்தையும் வடையின் சூட்டையும் அந்தப் பஞ்சுப் பகுதி வாங்கிக்கொள்ளும். மேல்தோல் கையில் உடையாமல் தாங்கும்.

நம் ஊர் பன் தேநீரில் தொட்டுச் சாப்பிடுவதற்காகச் செய்தது. சர்க்கரை அதிகம், வெண்ணெய் வாசம் அதிகம். அதற்குள் பூண்டுச் சட்னியும் வடையும் வைத்தால் இரண்டும் சண்டை போடும். காவிரிக்கரையான் ஏமாந்ததற்கு அதுதான் காரணம். போண்டாவின் மேல் குற்றமே இல்லை.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அந்தப் பாவின் மணத்துக்குப் பாதிக் காரணம் விறகு அடுப்பு. காற்று மாசைக் கருதி, விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நியாயமான உத்தரவுதான், அந்தப் புகையை வருடக்கணக்கில் சுவாசித்தவன் நான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மணம் போனால் போனதுதான். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

செம்பூர்வாசி
ரொட்டிக்கடை அண்ணன் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வடைக்கும் போண்டாவுக்கும் உள்ள வேற்றுமையை மட்டும் சேர்த்துவிடுகிறேன். மும்பை வடையில் பெரும்பாலும் வெங்காயம் கிடையாது. பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயை இடித்துப் போட்டு, கடுகு, மஞ்சள், கறிவேப்பிலை, கொத்தமல்லி சேர்த்துத் தாளித்த கிழங்கு. பாவும் சட்னிகளும் உண்டு என்று தெரிந்தே உப்பையும் காரத்தையும் அளவாக வைத்திருப்பார்கள். தனியாகச் சாப்பிட்டு எடை போட்டால் குறையாகத்தான் தெரியும்.

மாட்டுங்கா_அக்கா
கொங்குத் தம்பி 'பசியாற்றக் கண்டுபிடித்த உணவு' என்று எழுதியிருப்பது முழு உண்மை. அதில் குறைத்துச் சொல்ல எதுவுமில்லை என்பதுதான் என் கட்சி.

நான் பிறந்து வளர்ந்ததே மாட்டுங்காவில்தான். அப்பா பரேலில் ஒரு துணி ஆலையில் கணக்கர். பரேல், லால்பாக், வொர்லி, பிரபாதேவி எல்லாம் அப்போது ஆலைகள் நிறைந்த பகுதி, 'கிரண்காவ்', அதாவது ஆலைக் கிராமம் என்பார்கள். ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவருக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமும் இல்லை, காசும் இல்லை. ரயிலுக்கு ஓடும்போது ஒரு கையில் பிடித்துக்கொண்டு தின்ன வேண்டும்; அடுத்த வேளை வரை தாங்க வேண்டும். வடா பாவ் அதற்கென்றே அளவெடுத்துச் செய்தது.

1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஆலை வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 2.5 லட்சம் தொழிலாளர்கள். அது வெற்றியோடு முடியவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனவர்களில் பலர் பிழைப்புக்காக வடா பாவ் வண்டி போட்டார்கள். எங்கள் தெருமுனையில் கடை போட்டவர் நேற்றுவரை தறி ஓட்டியவர். அவர் மனைவி விடியற்காலையில் கிழங்கு வேகவைத்து மசித்துக் கொடுப்பார். மூத்த பிள்ளை பேக்கரியில் வரிசையில் நின்று பாவ் வாங்கி வருவான். அந்த வண்டிதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

கசப்பான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், நம் ஆட்களுக்குத் தெரியாமல் போகக்கூடாது. அதே 1966இல்தான் சிவசேனாவும் பிறந்தது. தொடக்க காலத்தில் அதன் கோபம் தென்னிந்தியர் மீது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. மராட்டிய இளைஞர்கள் சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்று பால் தாக்கரே ஊக்குவித்தார். இட்லி தோசைக்கு எதிராக நம்முடையது என்று வடா பாவ் முன்னிறுத்தப்பட்டது. மாட்டுங்காவில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலர் அதனாலேயே வடா பாவைக் கடைசிவரை தொடவில்லை. அவர்கள் கோபம் எனக்குப் புரியும். ஆனால் பள்ளி விட்டு வரும்போது அந்தத் தெருமுனைக்காரர் என் பாவில் மட்டும் மிளகாய் இல்லாமல் கொடுப்பார். நான் அவரோடு சேர்ந்துதான் அதை நினைவில் வைத்திருக்கிறேன்.

கொங்குச்சுவை
அக்கா, உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நன்றி. பசியாற்றிய உணவுக்கு மரியாதை எப்போதும் உண்டு.

ஆனால் நாக்கைப் பொறுத்தவரை என் கட்சியை விடமாட்டேன். மும்பையின் சாண்ட்விச் என்று ஒன்றுக்கு மாலை போட வேண்டுமானால், தெருவோர டோஸ்ட் சாண்ட்விச்சுக்குத்தான் போடுவேன். அதைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வெள்ளை ரொட்டி, பெரும்பாலும் விப்ஸ் ரொட்டி. இரண்டு துண்டிலும் அமுல் வெண்ணெயை ஓரம் வரை தடவுவார்கள். அது ருசிக்கு மட்டுமில்லை. காய்களின் நீர் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும். அதன் மேல் கொத்தமல்லிப் பச்சைச் சட்னி. பிறகு வேகவைத்த உருளை, பீட்ரூட், பச்சையாக வெள்ளரி, தக்காளி, வெங்காயம். எல்லாம் காகிதம் போல் மெல்லிய வில்லைகள். ஒவ்வொரு அடுக்கிலும் சாண்ட்விச் மசாலாவை ஒரு சிட்டிகை தூவுவார்கள். பிறகு நீளக் கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டியில் மூடி, கரி அடுப்பின் மேல் புரட்டிப் புரட்டிச் சுடுவார்கள். வெளியே எடுத்ததும் மேலே ஒரு சுற்று வெண்ணெய், துண்டு துண்டாக நறுக்கித் தட்டு. கேட்டால் மேலே சேவும் தூவித் தருவார்கள்.

வெளியே மொறுமொறுப்பு, உள்ளே குளிர்ந்த வெள்ளரி, இளஞ்சூட்டில் பீட்ரூட்டின் இனிப்பு. ஒரு வாயில் இத்தனையும் கிடைக்கும். காரத்தைச் சட்னியின் அளவைக் கொண்டே குறைத்துக்கொள்ளலாம். காவிரிக்கரையான், உங்கள் அப்பாவுக்கு இதுதான் சரி.

செம்பூர்வாசி
அப்பாவுக்கு டோஸ்ட் சாண்ட்விச் என்பது நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் மாலை போடும் விஷயத்தில் ஒத்துக்கொள்ள முடியாது. டோஸ்ட் சாண்ட்விச்சை வீட்டில் செய்துவிடலாம். பெட்டி ஒன்று வாங்கினால் போதும். வடா பாவை அந்த ஊரின் பேக்கரியும் அந்த ஊரின் கூட்டமும் இல்லாமல் செய்ய முடியாது. கூட்டம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், வரிசை நகர்ந்தால்தான் எண்ணெய் ஓயாமல் கொதிக்கும், வடை சூடாக வரும். பிறகு ஒரு முக்கியச் செய்தி: பார்சல் வாங்காதீர்கள். பத்து நிமிடத்தில் வடையின் ஆவியில் பாவ் ஊறி, மேல்மாவு பிசுபிசுத்துவிடும்.

ரயில்_நேசன்
வடா பாவ் இழையில் கர்ஜத்தை யாரும் சொல்லவில்லையே! மும்பையிலிருந்து புனே வழியாக நம் ஊர்ப்பக்கம் வரும் ரயில்கள் கர்ஜத் தாண்டியதும் போர் காட் மலையேற வேண்டும். 37 அடிக்கு ஓரடி ஏற்றம். அதற்காகக் கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்களை மாட்டுவார்கள். அந்த நிறுத்தத்தில் நடைமேடை முழுவதும் வடா பாவ் வாசம் வீசும். திவாட்கர் கடையின் வடை அங்கே பெயர் பெற்றது. உங்களுடையது இரவு ரயில் என்பதால் தூக்கத்தில் கடந்துவிடுவீர்கள். இன்னொரு முறை பகல் ரயிலில் வந்தால் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து கொள்ளுங்கள்.

துளசிமாடம்
எங்கள் வீட்டில் பூண்டு, வெங்காயம் சேர்ப்பதில்லை. மும்பை போனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா?

மாட்டுங்கா_அக்கா
உண்டம்மா. 'ஜெயின் வடா பாவ்' என்று கேளுங்கள். பூண்டும் வெங்காயமும் இருக்காது. கிழங்குக்குப் பதிலாக வாழைக்காயில் செய்வார்கள். எல்லாக் கடையிலும் கிடைக்காது. குஜராத்திகள் அதிகம் வசிக்கும் பகுதிகளில் தேடினால் கிடைக்கும். டோஸ்ட் சாண்ட்விச்காரர்களிடம் வெங்காயம், உருளை வேண்டாம் என்று சொன்னாலே போதும், பழகியவர்கள்.

காவிரிக்கரையான்
போய்வந்துவிட்டோம். நேரம் ஒதுக்கி எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கீர்த்தி கல்லூரிக் கடைக்கு டாக்சியில் போனோம். மாணவர் கூட்டம் நெரித்தது. கடைக்காரரின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாவை ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி கட்டைவிரலால் பிளக்கிறார். பச்சைச் சட்னி ஒரு இழுப்பு. சிவந்த பூண்டுப்பொடி ஒரு கிள்ளு. கரண்டியிலிருந்து நேராக வடை உள்ளே விழுகிறது, அதன் மேல் சூரா. உள்ளங்கையால் ஒரே அழுத்து. உப்புத் தூவிய வறுத்த பச்சை மிளகாயோடு காகிதத்தில் வைத்து நீட்டிவிட்டு, அடுத்த பாவை எடுத்துவிடுகிறார்.

முதலில் பாவின் மென்மை, அடுத்து சூராவின் மொறுமொறுப்பு, பிறகு நாக்கைச் சுடும் கிழங்கு. விழுங்கிய பிறகுதான் பூண்டுப்பொடி ஏறுகிறது. அந்தப் பொடிதான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுகிறது என்பது என் எண்ணம். மிளகாயை இடையிடையே கடிக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்ற மாணவர் சொல்லிக்கொடுத்தார். ரொட்டிக்கடை அண்ணன் சொன்ன பாவின் பக்கம், சட்னியை உறிஞ்சி, கரையாமல் அப்படியே நின்றது. தஞ்சாவூரில் தின்றதற்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவே இல்லை.

அப்பா சிவாஜி பூங்காவைச் சுற்றியுள்ள கட்டைச் சுவரில் உட்கார்ந்து, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்தபடி, சட்னி குறைத்த டோஸ்ட் சாண்ட்விச் சாப்பிட்டார். பீட்ரூட்டை ரொட்டியில் வைப்பார்களா என்று கேட்டவர், தட்டில் ஒரு துண்டும் மீதி வைக்கவில்லை. கொங்கு அண்ணனுக்கு அவருடைய நன்றியைச் சொல்லச் சொன்னார்.

மாலையில் ஆராம் கடையிலும் ஒன்று வாங்கினேன். வடை பெரியது, காரம் அடக்கம். சூரா இல்லாத குறை எனக்குத் தெரிந்தது. என் ஓட்டு தாதருக்கே.

ஒரு கேள்வி மிச்சம். அந்தச் சிவந்த பூண்டுப்பொடியை வீட்டில் செய்ய முடியுமா?

மாட்டுங்கா_அக்கா
தாராளமாக. எங்கள் வீட்டு அளவு இது. கொப்பரைத் துருவல் ஒரு கப், உரித்த பூண்டு அரை கப், வெள்ளை எள் இரண்டு மேசைக்கரண்டி, வேர்க்கடலை இரண்டு மேசைக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு.

பூண்டைத் துளி எண்ணெயில் ஓரம் சிவக்கும்வரை வதக்கி ஆற விடுங்கள். வேர்க்கடலை, எள், கொப்பரை மூன்றையும் தனித்தனியாக வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். கொப்பரை சட்டென்று கருகும், அடுப்பைச் சிறிதாக வையுங்கள். எல்லாம் நன்றாக ஆறிய பிறகு மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்து, மிக்சியை விட்டு விட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். கொரகொரப்பாக உதிர வேண்டும். பச்சைத் தேங்காயில் செய்யாதீர்கள், இரண்டு நாளில் சிக்கு வாடை வந்துவிடும். காரம் ஆகாதவருக்கு மிளகாய்த்தூளைப் பாதியாக்கி எள்ளைக் கூட்டுங்கள்.

ரொட்டிக்கடை_நாகர்கோவில்
பொடி தயார் என்றால் பாவும் வேண்டுமே. கடை பன் வாங்காதீர்கள். அரைக் கிலோ மைதா, சர்க்கரை 10 கிராம், உப்பு 9 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், தண்ணீர் 330 மில்லி, எண்ணெய் 25 மில்லி. கையில் ஒட்டுவது போலத்தான் இருக்கும். மாவு சேர்க்காமல் பத்து நிமிடம் அடித்துப் பிசையுங்கள். இருமடங்காகப் பொங்கியதும் 16 உருண்டைகளாக்கி, விரற்கடை இடைவெளியில் தட்டில் அடுக்குங்கள். மறுபடி பொங்கி ஒன்றையொன்று தொட்ட பிறகு 200 டிகிரியில் இருபது நிமிடத்துக்குள் வெந்துவிடும். எடுத்ததும் ஈரத்துணி போட்டு மூடுங்கள், மேல்தோல் இளகும். அன்றே தீர்த்துவிட வேண்டும்.

கொங்குச்சுவை
காவிரிக்கரையான், அப்பாவுக்கு என் வணக்கம். வீட்டில் அவருக்கு மறுபடி செய்து கொடுப்பதானால் சாண்ட்விச் மசாலா இல்லாமல் செய்யாதீர்கள். சீரகம், மிளகு, சோம்பு, சிறு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு வறுத்துப் பொடித்து, கறுப்பு உப்பும் மாங்காய்ப்பொடியும் கலந்தால் போதும். மிளகாயே வேண்டாம்.